அரசுப் பேருந்துக்கு ஏன் இன்சூரன்ஸ் இல்லை? வாகனச் சுயகாப்பீடும் அதற்கு வேண்டிய நிதித் தகுதியும்

காட்பாடியில் நான்கு லாரிகள் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பாலிசி புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் ஆண்டுதோறும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள் அவை. "ஆயிரக்கணக்குல பஸ் ஓட்டுற கவர்மென்டுக்கு இன்சூரன்ஸ் வேணாம், நாலு லாரி ஓட்டுற எனக்கு மட்டும் கட்டாயமா? இது எந்த ஊரு நியாயம்ணா?" என்பார். கேள்வியில் கோபம் இருந்தாலும் பொருள் இருக்கிறது. வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் வந்து நிற்கும் அரசுப் பேருந்துகள் வழக்கமாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் பாலிசி வாங்கி ஓடுபவை அல்ல. ஆனால் பாலிசி இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. பாலிசிக்குப் பதிலாக அங்கே வேறொன்று இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அந்த வேறொன்றுக்குத்தான் சுயகாப்பீடு என்று பெயர். அதைச் செய்ய விரும்புபவரிடம் எவ்வளவு பணம், எந்த வடிவில், யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் நிதித் தகுதி.

காப்பீடு என்பதை நம் ஊர்ச் சீட்டோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பலர் சேர்ந்து பணம் போடுகிறார்கள். சீட்டில் எல்லாருக்கும் ஒருமுறை பணம் வருகிறது, காப்பீட்டில் இடர் நேர்ந்தவருக்கு மட்டும் வருகிறது. சுயகாப்பீடோ வீட்டு உண்டியலைப் போன்றது. வேறு யாரிடமும் பிரீமியம் கட்டாமல், நாளைக்கு வரக்கூடிய செலவுக்காக நம் பணத்தை நாமே ஒதுக்கி வைக்கிறோம். உண்டியலில் பணம் போதவில்லை என்றால் மற்ற செலவுகளில் அது நம் வீட்டுத் தொல்லையோடு முடிந்துவிடும். வாகனத்தில் அப்படி முடியாது. பள்ளிகொண்டா அருகே நெடுஞ்சாலையைக் கடக்கும்போது நம் லாரியில் அடிபட்டவருக்கு நம்முடைய உண்டியலைப் பற்றி எதுவும் தெரியாது. அது காலியாக இருந்தால் நட்டப்படுபவர் அவரும் அவர் குடும்பமும்தான். இந்த மூன்றாம் நபரை முன்னிட்டே அரசு இதில் தலையிடுகிறது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும் என்கிறது. அது இல்லாமல் ஓட்டினால் 196-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது முதல்முறைக்கு 2,000 ரூபாய், மறுமுறைக்கு 4,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இந்தக் கட்டாயம் புதியதன்று. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டு, 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதே 146-ஆம் பிரிவில்தான் விலக்கும் இருக்கிறது. வணிகத் தொடர்பில்லாத பணிகளுக்கு ஓடும் மத்திய, மாநில அரசு வாகனங்களுக்கு, அதாவது ஆட்சியரின் கார், காவல் துறை ஜீப் போன்றவற்றுக்கு, சட்டமே நேராக விலக்குத் தந்துவிடுகிறது. அடுத்து, அரசின் வணிகப் பணிக்கான வாகனங்கள், உள்ளாட்சி அமைப்புகளின் வாகனங்கள், மாநிலப் போக்குவரத்து நிறுவனங்களின் வாகனங்கள் ஆகிய மூன்று வகைகளுக்கு உரிய அரசு ஆணை பிறப்பித்து விலக்கு அளிக்கலாம். ஒருகாலத்தில் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் ஓடி, இப்போது விழுப்புரம் கோட்டத்துக்குள் அடங்கும் நம் பகுதிப் பேருந்துகள் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. மாநகராட்சியின் குப்பை லாரி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் இந்த விலக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது. தன் வாகனங்களால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் பொறுப்பைத் தீர்ப்பதற்கென்றே ஒரு தனி நிதியத்தை அந்த நிறுவனம் விதிகளின்படி நிறுவி, தொடர்ந்து பராமரித்து வர வேண்டும். அது இல்லாமல் விலக்கு ஆணை பிறப்பிக்கவே கூடாது. எனவே என் நண்பரின் கேள்விக்கு முதல் விடை, அரசுப் பேருந்துக்குப் பிரீமியம் இல்லாவிட்டாலும் உண்டியல் உண்டு என்பதாகும்.

இரண்டாவது விடை அவருக்குப் பிடிக்காது. இந்தியச் சட்டத்தில் இந்த வழி தனியாருக்கு அறவே திறக்கப்படவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் நிறுவனப் பேருந்துகளோ, நூற்றுக்கணக்கில் வண்டி வைத்திருக்கும் பெரிய சரக்குப் போக்குவரத்து நிறுவனமோ, எத்தனை கோடியை வங்கியில் காட்டினாலும் மூன்றாம் நபர் பொறுப்பில் சுயகாப்பீடு செய்துகொள்ள முடியாது. இதில் ஓரளவு வாதத்துக்கு இடமிருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஏனெனில் வேறு நாடுகள் தனியாருக்கும் கதவைத் திறந்து, வாசலில் பணத்தை எண்ணிப் பார்த்து உள்ளே விடுகின்றன.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேலூரில் பொறியியல் படித்துவிட்டு நம் பிள்ளைகள் பலர் போய்ச் சேர்ந்திருக்கும் கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே வாகனம் வைத்திருப்பவர் தன் நிதிப் பொறுப்பை நான்கு வழிகளில் காட்டலாம்: வழக்கமான பாலிசி வாங்கலாம், மாநிலத்தின் மோட்டார் வாகனத் துறையிடம் ரொக்கமாக வைப்புத் தொகை கட்டலாம், அதே தொகைக்கு ஒரு பிணைப் பத்திரம் கொடுக்கலாம், 25 வாகனங்களுக்கு மேல் தன் பெயரில் வைத்திருந்தால் சுயகாப்பீட்டுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். ரொக்க வைப்பு 2024 முடியும் வரை 35,000 டாலராக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் 75,000 டாலர். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் நிதித் தகுதியின் தர்க்கமே தெரிந்துவிடும். அந்த மாநிலத்தில் ஒரு பாலிசி குறைந்தது எவ்வளவு தர வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. முன்பு ஒரே விபத்தில் பலர் காயப்பட்டாலோ இறந்தாலோ 30,000 டாலர், பொருள் சேதத்துக்கு 5,000 டாலர், கூட்டினால் 35,000. புதிய வரம்பில் அவை 60,000, 15,000, கூட்டினால் 75,000. அதாவது, குறைந்தபட்சப் பாலிசி ஒன்று ஒரு விபத்துக்கு அதிகபட்சமாக எவ்வளவு கொடுத்திருக்குமோ, அதே தொகையை முன்கூட்டியே எடுத்து அரசின் கையில் வைத்துவிடு என்கிறார்கள். பாலிசியின் வரம்பு ஏறியபோது வைப்புத் தொகையும் கூடவே ஏறியதற்குக் காரணம் இதுதான்.

பிணைப் பத்திரம் என்பது நம் ஊரில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது போன்றது. உரிமையாளர் கொடுக்கத் தவறினால் பிணை நின்ற நிறுவனம் கொடுக்கும், பிறகு அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். சுயகாப்பீட்டுச் சான்றிதழ் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் முதன்மையாகப் பார்க்கப்படுவது விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் ஒட்டுமொத்தப் பொருளாதார வலிமை. டெக்சாஸ், ஒகையோ போன்ற மாநிலங்களிலும் 25-க்கு மேற்பட்ட வாகனங்கள் என்பதே நுழைவு அளவு. பல மாநிலங்களின் சட்டங்களில் இன்னொரு கூர்மையான விதியும் உண்டு: இறுதித் தீர்ப்பு வந்து 30 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால், அந்த ஒரு காரணமே சான்றிதழை ரத்து செய்யப் போதும்.

வலிமையை அளக்கும்போது வெறும் சொத்துப் பட்டியலைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அதற்குத்தான் நிகர மதிப்பு என்ற அளவு: சொத்துகளின் மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்தால் மிஞ்சுவது. 30 லட்ச ரூபாய் லாரிக்கு ஃபைனான்ஸ் பாக்கி 25 லட்சம் இருந்தால், அந்த லாரியால் உரிமையாளருக்கு இருக்கும் நிகர மதிப்பு 5 லட்சம்தான். அந்த மிச்சம் எவ்வளவு விரைவில் ரொக்கமாக மாறும் என்பதும் கணக்கில் வரும். குடியாத்தத்தில் உள்ள நிலம் மதிப்புமிக்கதாக இருக்கலாம். ஆனால் அதற்கு ஆள் பார்த்து, வில்லங்கம் பார்த்து, பத்திரம் பதிந்து பணம் கைக்கு வருவதற்குள் காயம்பட்டவரின் மருத்துவமனைக் கட்டணம் காத்திருக்காது. எனவேதான் உலகெங்கும் இத்தகைய விதிகள் ரொக்கத்தையும் அரசுக் கடன் பத்திரங்களையும் விரும்புகின்றன, தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் கேட்கின்றன.

பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 15,000 பவுண்டு வைப்புக் கட்டினால் பாலிசி வேண்டாம் என்றது. அந்தத் தொகை பிற்காலத்தில் 5 லட்சம் பவுண்டாக உயர்த்தப்பட்டு, 2019-இல் அந்த வழியே மூடப்பட்டது. ஜெர்மனியில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகராட்சிகளுக்குக் காப்பீட்டுக் கட்டாயம் இல்லை; அந்த அளவுகோலில் நம் வேலூர் மாநகராட்சி எளிதாகத் தேறியிருக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு விசித்திரம் நெடுநாள் இருந்தது. ஆண்டுக்கு 500 டாலர் கட்டணம் செலுத்தினால் காப்பீடு இல்லாமலே வண்டி ஓட்டலாம். ஆனால் அந்தப் பணம் யாருக்கும் இழப்பீடாகப் போகாது, விபத்து நேர்ந்தால் முழுப் பொறுப்பும் ஓட்டியவருக்கே. அது சுயகாப்பீடு ஆகாது, வெறும் அனுமதிச் சீட்டு. 2024 ஜூலை 1-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

வாகனங்களின் எண்ணிக்கையை ஏன் இவ்வளவு பெரிதாகப் பார்க்கிறார்கள் என்பது, ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் மனத்தில் பதியும்.

முதலில் ஒரு விபத்து எவ்வளவு கேட்கும் என்று பார்ப்போம். மாதம் 30,000 ரூபாய் ஈட்டிய, சுயதொழில் செய்த 35 வயதுக்காரர் ஒருவர் விபத்தில் இறக்கிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தவர்கள். உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்துத் தந்த முறைப்படி, ஆண்டு வருமானம் 3,60,000. எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 5,04,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 3,78,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கெண் 16. பெருக்கினால் 60,48,000 ரூபாய். இறுதிச் சடங்கு, துணையை இழந்த துயர் போன்ற தலைப்புகளில் இன்னும் சில லட்சம் சேரும். பணம் வந்து சேரும் நாள் வரை வட்டியும் உண்டு. மரணத்துக்கும் காயத்துக்கும் மூன்றாம் நபர் பாலிசியில் நம் நாட்டில் உச்சவரம்பு வைக்காமல் இருப்பது இதனால்தான் பொருள் பொதிந்தது.

இனி, ஒரு கனரக வாகனம் ஓராண்டில் இத்தகைய விபத்தில் சிக்கும் வாய்ப்பு 200-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண் மட்டுமே. ஆயிரம் பேருந்துகள் உள்ள நிறுவனத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு 5 விபத்துகள் வரும். எல்லா ஆண்டும் சரியாக 5 வராது என்றாலும், நான்கில் மூன்று ஆண்டுகள் அது 3-க்கும் 7-க்கும் இடையில்தான் இருக்கும். 10-ஐத் தாண்டும் ஆண்டு நூற்றில் இரண்டுகூட இராது. ஆகவே பத்து விபத்துக்கான 6 கோடி ரூபாயை ஒதுக்கி வைத்தால் ஏறத்தாழ எந்த ஆண்டையும் சமாளிக்கலாம். வண்டி ஒன்றுக்கு அது 60,000 ரூபாய். என் நண்பருக்கோ நான்கே வண்டிகள். நூறு ஆண்டில் 98 ஆண்டுகள் அவருக்கு ஒன்றும் நேராது. ஆனால் நேரும் ஆண்டில் முழு 60 லட்சமும் வேண்டும். வண்டி ஒன்றுக்கு 15 லட்சம், அதாவது பெரிய நிறுவனத்தைப் போல் 25 மடங்கு. அவ்வளவு பணத்தைத் தொடாமல் முடக்கி வைப்பதற்குப் பதிலாக அவர் இன்னொரு லாரி வாங்கத்தான் நினைப்பார், அது இயல்பும்கூட. 98 ஆண்டுகள் ஒன்றும் நேராமல் போவதே உண்டியலைத் திறந்து செலவழிக்கச் சொல்லும் ஆசை காட்டுகிறது. 25 ஆண்டுகள் அவர் தொழில் நடத்தினால், ஒரு முறையாவது அப்படி நேரும் வாய்ப்பு இதே கணக்கில் நூற்றுக்கு 40-ஐ நெருங்குகிறது என்பதை அவருக்கு எழுதிக் காட்டியபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க, 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப் பட்டியலில் 12,000 முதல் 20,000 கிலோ வரையிலான மொத்த எடைகொண்ட சரக்கு வாகனத்துக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 35,313 ரூபாய். நான்கு வண்டிக்கு 1,41,252.

எண்ணிக்கை அதிகமாக இருந்தால் மட்டும் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மேலே போட்ட கணக்கு, விபத்து நடந்த ஆண்டிலேயே பணம் கொடுக்கப்படுவதாக எண்ணிப் போட்டது. நடைமுறையில் வழக்கு தீர்ப்பாயத்தில் நடந்து, மேல்முறையீடு போய், பணம் கேட்கப்படும்போது சில ஆண்டுகள் ஓடிவிடும். சராசரியாக நான்கு ஆண்டு என்று கொண்டால், ஆண்டுக்கு 5 வீதம் எப்போதும் 20 வழக்குகள் நிலுவையில் இருக்கும். அவற்றின் பொறுப்பு மட்டும் 12 கோடி. இது இன்று கேட்கப்படாத கடன் என்பதால் கணக்கில் எழுதாமல் விட்டுவிட எளிது. காப்பீட்டு நிறுவனத்தை இப்படி விட்டுவிட ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிப்பதில்லை. பொதுக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கவே 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். நிலுவைக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கீடு காட்டிய பிறகும், விதிக்கப்பட்ட அளவுக்கு ஒன்றரை மடங்கு கடன் தீர்க்கும் திறனை, அதாவது பொறுப்புகளைக் கழித்த பின் மிஞ்சும் சொத்தை, எப்போதும் வைத்திருக்க வேண்டும். சுயகாப்பீடு செய்பவர் அதே வேலையைத் தனக்காகச் செய்கிறார் என்பதால், அவரிடம் கேட்கப்படும் நிதித் தகுதியும் இதன் சிறிய நகலாகவே இருக்க வேண்டும்.

அந்த ஒழுங்கு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. இழப்பீடு தராததால் அரசுப் பேருந்து ஜப்தி என்ற செய்தியைத் தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எவரும் பலமுறை பார்த்திருப்பார்கள். தீர்ப்பாயம் தொகையை நிர்ணயித்துவிடும், பணம் வராது, பாதிக்கப்பட்ட குடும்பம் நிறைவேற்று மனு போடும், ஒருநாள் காலையில் நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து, புறப்படத் தயாராக இருக்கும் பேருந்தில் ஆணையை ஒட்ட, பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு வண்டி தேடுவார்கள். சில நாட்களில் பணம் கட்டப்பட்டு வண்டி மீட்கப்படும். இந்தக் காட்சியில் உண்டியலின் வேலையைப் பேருந்தே செய்கிறது. சட்டம் தனி நிதியம் என்று கேட்டதன் நோக்கம், கணவனை இழந்த பெண் ஒருத்தி பேருந்தைச் சிறைபிடித்துத்தான் தன் பணத்தை வாங்க வேண்டும் என்ற நிலை வரக் கூடாது என்பதுதான். நிதியம் இருக்க வேண்டும் என்பதைவிட, அது நிலுவைக்கு ஈடாக நிரம்பியிருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. நண்பரின் மனக்குறைக்கு இதில் நியாயம் உண்டு: பிரீமியம் கட்டாத அவர் வண்டியை வழியிலேயே நிறுத்துகிறார்கள், நிதியம் போதாத வண்டியோ தீர்ப்பு வரும் வரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பாலிசியே இல்லாத தனியார் வண்டி விபத்தில் சிக்கினாலும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. உச்ச நீதிமன்றம் 2018-இல் மாநிலங்களுக்கு அளித்த உத்தரவின் வழியே, உரிமையாளர் போதிய பிணை கொடுக்காவிட்டால் அத்தகைய வாகனத்தை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதங்களுக்குப் பின் அதை ஏலம் விட்டு, வந்த பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். பழைய மினி லாரியை ஏலம் விட்டால் 60 லட்சம் வராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் தனியார் ஒருவர் சட்டப்படி எதைத்தான் சுயமாகக் காத்துக்கொள்ளலாம்? தன் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்தை. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. மூன்றாம் நபர் பகுதி கட்டாயம், சொந்தச் சேதப் பகுதி நம் விருப்பம். அதோடு உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பும் தேவை. அதை விட்டுவிடக் கூடாது. சொந்தச் சேதப் பகுதியை விடுவதற்கு அரசு எந்த நிதித் தகுதியும் கேட்பதில்லை, ஆனால் நம்மை நாமே அதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். வண்டியின் இன்றைய மதிப்பு முழுவதும் நாளைக்கே போய்விட்டால் கடன் வாங்காமல் தாங்க முடியுமா? அந்தப் பணம் வங்கியில் தனியாக இருக்கிறதா, அல்லது மகளின் கல்லூரிக் கட்டணத்தோடு கலந்திருக்கிறதா? வண்டியின் மேல் ஃபைனான்ஸ் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கடன் கொடுத்தவர் முழுப் பாலிசியைக் கேட்பார். முழுவதும் விட மனம் வராதவர்கள், சேதத்தில் முதல் சில ஆயிரத்தைத் தாமே ஏற்பதாகச் சொல்லிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அது பாதிச் சுயகாப்பீடு. கிளெய்ம் கேட்காமல் விட்டால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி ஏறுவதால், சிறு கீறலுக்கும் வளைந்த பம்பருக்கும் கைக்காசைச் செலவழிக்கும் பலர் தமக்குத் தெரியாமலே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நண்பர் இம்முறை நான்கு வண்டிக்கும் மூன்றாம் நபர் பாலிசியைப் புதுப்பித்தார். கடன் முடிந்த, விற்றால் சில லட்சத்துக்கு மேல் போகாத பழைய லாரி ஒன்றுக்கு மட்டும் சொந்தச் சேதப் பகுதியை எடுத்துவிட்டு, அதற்குக் கட்டியிருக்க வேண்டிய தொகையை மாதத் தவணையாகப் பிரித்து அஞ்சலகத்தில் ஆர்.டி. கணக்கு ஒன்றைத் தொடங்கினார். கணக்குப் புத்தகத்தின் அட்டையில் பெயருக்குக் கீழே அந்த லாரியின் டிஎன் 23 எண்ணைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.